மெலிந்த குதிரைகள்

— சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களும் செலுத்தும் இன்பமும் —

மகாபாரதத்து நளன் கதையில் ஒரு கட்டம் உண்டு. தமயந்தியின் இரண்டாஞ் சுயம்வரச் செய்தியைக் கேட்ட இருதுபர்ண மன்னன், ஒரே பகலில் விதர்ப்ப நாடு சென்றடைய விரும்புகிறான். உருமாறிப் பாகுகன் என்ற பெயரில் அவனிடம் பணிபுரியும் தேர்ப்பாகன் நளனே. அவன் இலாயத்தினுட் சென்று, பார்ப்போர் முகஞ்சுளிக்கும் மெலிந்த குதிரைகளைத் தேர்ந்து கொண்டுவருகிறான். இவை எங்கே ஓடப்போகின்றன என்று அரசன் ஐயுறுகிறான். தேர் புறப்பட்டபின் அரசனது மேலாடை நழுவி விழுகின்றது; அதை எடுக்கவேண்டும் என்று அவன் சொல்லும்போதே அது ஒரு யோசனைத் தூரம் பின்தங்கிவிட்டதாம்.

இக்கதையை வேகத்தின் புகழாகவே நாம் படித்துவிடுகிறோம். ஆயின் கதை காட்டுவது இரண்டு உண்மைகளை. கொழுத்த குதிரை எல்லாம் ஓடும் குதிரையாகா என்பது ஒன்று. குதிரையின் இதயமறிந்த பாகனும் அவன் கையறிந்த குதிரையும் சேர்ந்தாலன்றி ஓட்டத்தில் இன்பமில்லை என்பது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டிலே குதிரை போய் எஞ்சின் வந்தது. அதன் ஆற்றலை அளக்கும் சொல்லில் மட்டும் குதிரை எஞ்சி நின்றது. 'எத்தனை குதிரைவலு?' என்பதே கார் வாங்குவோர் கேட்கும் முதற் கேள்வியுமாயிற்று. அக்கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்து, எளிய விலையில் விற்கவெனச் செய்யப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றைப் பார்த்தால், இருதுபர்ணன் கண்டறியாததை நாம் கண்டறியலாம்.

அபிங்டனில் ஒரு பட்டறை

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் வில்லியம் மொறிஸ் நடத்திய விற்பனை நிலையத்தின் பெயர் 'மொறிஸ் கராஜஸ்'. அதன் முகாமையாளராயிருந்த செசில் கிம்பர், சாதாரண மொறிஸ் கார்களுக்கு அழகிய உடல்களைப் பூட்டி விற்கத் தொடங்கினார். அப்பெயரின் முதலெழுத்துக்களே எம்.ஜி. எனும் சின்னமாயின. 1928இல் அவர் காட்சிக்கு வைத்த 'மிட்ஜெற்' என்னும் சிறிய கார், அவ்வாண்டு வெளிவந்த மொறிஸ் மைனரின் சட்டகத்தின்மீது எழுந்தது. எஞ்சினின் கொள்ளளவு 847 கன சென்ரிமீற்றர். வலு 20 குதிரை. உடல் மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. விலை 175 பவுண். செல்வரின் மாளிகை முற்றத்தில் மட்டும் நின்ற ஸ்போர்ட்ஸ் கார் சம்பளக்காரரின் கனவுக்குள் வந்தது இக்காரினாலேதான்.

அடுத்த ஆண்டு எம்.ஜி. ஒக்ஸ்போர்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், 1945இல், அங்கிருந்து வெளிவந்தது ரி.சி. என்னும் வகை. அது யுத்தத்திற்கு முந்திய வடிவமே. கம்பிக்கால்களுடைய உயர்ந்த சில்லுகள், தட்டையான கண்ணாடி, முன்னே நீண்ட பொனற், 1,250 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 54 குதிரைவலு. வலப்பக்கச் சுக்கானைத் தவிர வேறெதுவும் அதற்குக் கிடைக்காது. இத்தகைய பழமைக் கோலத்திலேயே அது அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று.

அக்காலத்து அமெரிக்கக் கார் அகன்றது, மெத்தென்றது, பெரிய எஞ்சினுடையது. நேர்ப்பாதையில் அது ரி.சி.யை எளிதில் முந்திவிடும். ஆயினும் வளைவு வந்தவுடன் கதை மாறிற்று. பெரிய கார் அசைந்து சாய்ந்து தயங்கும் இடத்தில், சிறிய கார் செலுத்துபவனின் மணிக்கட்டு அசைவுக்கே பதில் சொல்லிற்று. 1948இல் நியூயோர்க் மாநிலத்து வொட்கின்ஸ் கிளென் ஊரில், பொதுத் தெருக்களையே பாதையாக்கி நடத்திய முதற் பந்தயத்தில் எம்.ஜி.க்கள் பல ஓடின. பின்னர் 1961இல் உலகச் சம்பியனாகிய அமெரிக்கர் பில் ஹில், இளமையில் ஒரு ரி.சி.யிலேதான் பந்தயம் பழகினார். நான்காண்டுகளில் ரி.சி. ஏறத்தாழ 10,000 செய்யப்பட்டன. அதன்பின் வந்த ரி.டி., முன்சில்லுகள் ஒன்றையொன்று பாதியாமல் தனித்தனி அசையும் அமைப்பைப் பெற்று, ஏறத்தாழ 30,000 செய்யப்பட்டது. அவற்றிற் பெரும்பகுதி அமெரிக்கக் கரையிலேயே இறங்கிற்று. எண்ணெயும் இரும்பும் மலிந்த அந்நாட்டில், வலுக்குறைந்த அயல்நாட்டுக் காருக்கு ஏன் இத்தனை அன்பு? அவர்களிடம் இல்லாதது வேகம் அன்று. வேகத்தோடு கை கலக்கும் வாய்ப்பு.

தவளைக் கண்

மலிவு என்பது எவ்வாறு ஒரு கலையாகும் என்பதற்கு 1958ஆம் ஆண்டைக் காட்டலாம். அவ்வாண்டு மே மாதம் மொண்டி கார்லோவில் அறிமுகமாயிற்று ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற். கோர்ன்வோல் பகுதியினரான டொனால்ட் ஹீலியின் எண்ணத்தில் உருவாகி, அபிங்டனிலே பூட்டப்பட்ட கார் இது. முன்விளக்குகள் உள்ளே மடங்கி மறையவேண்டும் என்பது முதல் எண்ணம். அப்பொறிக்குச் செலவு கூடுதல் என்று கண்டு விளக்குகளை அப்படியே மேலே நிறுத்திவிட்டார்கள். அதனால் அதற்கு வாய்த்தது ஒரு தவளை முகம். 'தவளைக் கண்' என்ற செல்லப்பெயரும் கிடைத்தது. சிக்கனத்திற் பிறந்த அவ்வடிவமே இன்று அதன் பேரழகாகப் போற்றப்படுகிறது.

அதன் கதவுக்கு வெளிப்பிடி இல்லை. கையை உள்ளே விட்டுத் திறக்கவேண்டும். பின்புறத்திற் பொதிகள் வைக்க இடமுண்டு, மூடி இல்லை. இருக்கையை முன்னே சாய்த்து உள்ளே தள்ளவேண்டும். ஏற்றி இறக்கும் கண்ணாடிச் சன்னல் இல்லை. எஞ்சினின் சுழற்சிமானியும் முன்புறத்து மோதுகாப்புச் சட்டமும் மேற்பணம் கொடுத்தாற் கிடைப்பவை. எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர், 43 குதிரைவலு. கார் முழுவதும் 660 கிலோகிராம் அளவிலேயே நின்றது. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 20 விநாடிக்கு மேலாகும். இன்று சந்தைக்குப் போகும் குடும்பக் காரும் அதை முந்திவிடும்.

இலங்கை வாசகருக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி உவப்பளிக்கும். ஸ்பிறைற்றின் உட்பாகங்கள் யாவும் புதிதாகச் செய்யப்பட்டவையல்ல. அதன் எஞ்சின் ஒஸ்ரின் ஏ35இலும் மொறிஸ் மைனர் 1000இலும் இருந்த அதே குடும்பத்து எஞ்சின். அதன் சுக்கான் பொறியோ, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரிலிருந்து எடுத்தது. பற்சட்டமொன்றைச் சிறு பற்சில்லு இடமும் வலமும் நேரே நகர்த்துவதால், வீதியின் செய்தி இடையில் மழுங்காமல் விரலுக்கு வந்து சேரும். நமது ஊர்களில் ஆசிரியரும் வைத்தியரும் ஓட்டித் திரிந்து, இன்றும் பலர் பேணிவைத்திருக்கும் அந்த மொறிஸ் மைனரைத் துல்லியமாகத் திருப்பியவர் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பாதி இன்பத்தை நுகர்ந்தவராவர்.

ஏழைப் பாகங்களின் தொகுப்பாகிய இக்கார், 1959இல் அமெரிக்காவின் செப்ரிங் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில் தன் வகுப்பின் முதல் மூன்று இடங்களையும் பெற்றது. தவளைக் கண் வடிவத்தில் மட்டும் ஏறத்தாழ 49,000 கார்கள் செய்யப்பட்டன.

ஒப்புநோக்கு

இரசிகர் கூடுமிடத்தில் ஒப்பீடு எழுவது இயல்பு. கம்பனா ஒட்டக்கூத்தனா என்று இலக்கிய அன்பர் விவாதிப்பதுபோல, ஸ்பிறைற்றா ஸ்பிற்பயரா என்று கார் அன்பர் அறுபதாண்டுகளுக்கு மேலாக விவாதித்து வருகின்றனர்.

ட்றயம்ப் ஸ்பிற்பயர் 1962இல் வந்தது. இத்தாலியராகிய மிக்கெலோற்றி தீட்டிய வடிவம், 1,147 கன சென்ரிமீற்றர், 63 குதிரைவலு, முன்சில்லுகளில் தட்டுப் பிறேக், ஏற்றி இறக்கும் கண்ணாடி. முன்னுடல் முழுவதும் ஒரே துண்டாகக் கவிழ்ந்து திறக்கும். ரயரின்மேல் அமர்ந்துகொண்டே எஞ்சினைத் திருத்தலாம். ஏறக்குறைய 24 அடி விட்டத்தில் வட்டமடிக்கும். வசதியும் அழகும் அதன் பக்கமே.

ஆனால் அதன் பின்னச்சில் ஒரு குறை மறைந்திருந்தது. சில்லைத் தாங்கும் அரையச்சு உட்புற முனையில் மட்டும் மடங்குவதால், சில்லு ஏறியிறங்கும்போது அதன் சாய்வும் மாறும். வளைவில் விரைந்து செல்லும் புதியவன் பயந்து திடீரெனக் காலை எடுத்தால், காரின் பின்புறம் எழும், வெளிப்புறச் சில்லு உள்ளே மடங்கும், பிடி நழுவும். 1970இல் வந்த நான்காம் வகையில் பின்வில்லின் அமைப்பை மாற்றி இக்குறையைப் பெரிதும் தணித்தார்கள். தவளைக் கண்ணுக்கும் குறையில்லாமலில்லை. அதன் பின்புறக் கால்வட்டத் தகட்டுவில் காரணமாகக் கார் சாயும்போது பின்னச்சும் சிறிது திரும்பும். முதன்முறை ஓட்டுபவனுக்குத் திகில் தரும். எனினும் அக்குணம் எப்போதும் ஒரே வகையாகத் தோன்றுவதாற் பழகிக்கொள்ளலாம். சிறு குறையை முன்னரே சொல்லிவிடும் நண்பன், நிறைவோடு பழகி நெருக்கடியிற் கைவிடும் நண்பனிலும் மேலானவன்.

மூன்றாவதாகக் குறிப்பிடத்தக்கது லோட்டஸ் செவன். கொலின் சப்மன் 1957இல் வெளியிட்ட இக்காரில் கதவுமில்லை, காட்சிக்கான அலங்காரமுமில்லை. உருக்குக் குழாய்ச் சட்டகம், அலுமினியத் தகடு, நான்கு சில்லு, இரண்டு இருக்கை. எடை 500 கிலோகிராமுக்கும் குறைவு. எளிமையாக்கி, அதன்மேலும் எடை குறைப்பதே வடிவமைப்பு என்பது சப்மனின் கொள்கையாக வழங்குகிறது. அன்றைய பிரித்தானியாவில் பூட்டி முடித்த காருக்குக் கொள்வனவு வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆகவே பலர் அதைப் பெட்டிகளில் வாங்கித் தம் வீட்டுக் கொட்டிலிலே பூட்டினர். 1973இல் அவ்வரி ஒழிந்து வேறுவரி வந்தது. அவ்வாண்டே செவனின் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறிற்று. அவ்வடிவம் இன்றும் செய்யப்பட்டு வருகிறது. நாளாந்தப் பயணத்திற்கு அது ஒவ்வாது, மழையில் நனையவேண்டும், காற்றிற் கண்ணீர் வரும். ஆயினும் காருக்கு எது உயிர், எது ஆடை என்பதை அறிய விரும்புவோருக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.

மாற்றமும் அதன் விலையும்

மலிவான ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர் எவரும் அதை வாங்கியபடியே விட்டுவைப்பதில்லை. எம்.ஜி. நிறுவனமே தன் எஞ்சினின் வலுவைப் படிப்படியாகக் கூட்டும் முறைகளைச் சிறு கைந்நூலாக வெளியிட்டது. சிலிண்டர்த் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுதல், வாயில்களை அகலித்தல், காற்றோடும் வழியை மெருகிடுதல், பெரிய காபுரேற்றர் பூட்டுதல், இறுதியிற் காற்றை அமுக்கிச் செலுத்தும் பொறி வைத்தல் என்று அது படி ஏறிச்செல்லும்.

எஞ்சின் என்பது மூச்சுவிடும் ஓர் உயிர் போன்றது. எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறதோ அவ்வளவுக்கே எரிபொருளை எரிக்கும். ஸ்பிறைற்றின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் உட்காற்று வழிகள் இரண்டே; இரண்டு சிலிண்டர் ஒரு வழியைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே எவ்வளவு மெருகிட்டாலும் ஓரெல்லைக்குமேல் மூச்சு முட்டும். அவ்வெல்லையை நெருங்கப் பிழிந்தெடுத்த எஞ்சினுக்கு உயர்சுழற்சியில் வலு கூடும். தாழ்சுழற்சியில் இருந்த இணக்கம் போய்விடும். பந்தயப் பாதையில் வென்ற கார் கடைத்தெருவில் விக்கி நிற்பது இதனாலேயே.

மாற்றம் ஒவ்வொன்றும் இன்னொரு மாற்றத்தைக் கேட்கும். வலுவைக் கூட்டினால் கிளச் நழுவும். அதை மாற்றினால் கியர்ப்பெட்டி முனகும். வேகம் கூடியதாற் பிறேக் போதாதாகும். அசையும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது என்பது மாணவர் அறிந்த விதி. 40 மைலில் நின்றதற்கும் 80 மைலில் நிற்பதற்கும் பிறேக் உறிஞ்சவேண்டிய வெப்பம் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. இதை உணராது எஞ்சினை மட்டும் பெருக்குவோன், ஆற்றில் இறங்கியபின் நீந்தப் பழக நினைப்பவனையொப்பான்.

அகன்ற ரயர் பிடியைக் கூட்டும், ஆனால் சில்லின் எடை ஏறினால், பள்ளத்தில் விழுந்து எழும் சில்லை அடக்க வில்லும் அதிர்வுதாங்கியும் திணறும், சுக்கானும் கனக்கும். அழகுக்காகக் காரைத் தரையோடு தாழ்த்துவோர், வில் அசையும் இடத்தைக் குறைத்துவிடுகின்றனர். சமதள மண்டபத்தில் மிடுக்காக நிற்கும் அக்கார், குண்டுங்குழியுமான வீதியில் ஒவ்வோர் அடியையும் செலுத்துபவனின் முதுகெலும்பிலே எழுதும்.

ஆகவே அனுபவசாலிகள் கைக்கொள்ளும் ஒழுங்கு வேறு. முதலில், தேய்ந்ததைப் புதுப்பித்துக் காரை அது பிறந்த நிலைக்குக் கொண்டுவருதல். அடுத்து, நல்ல ரயர். பின்பு பிறேக்கின் தேயுறுப்பும் திரவமும். அதன்பின் அதிர்வுதாங்கி. எஞ்சினின் முறை கடைசியிலேயே வரும். ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே வீதியில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துக் குறித்துவைப்பர். கழற்றிய பாகத்தை எறியாமல் வைத்திருப்பர். ஆய்வுகூடத்தில் ஆசிரியர் கற்பிக்கும் ஒழுக்கமும் இதுவேயன்றோ? கூட்டத்தகும் எடையும் ஒன்றுண்டு. கூரையில்லாக் கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் உருக்கு வளைவே அது. பழைய சிறு கார்களில் மோதலைத் தாங்கும் அமைப்பு அரிது. அவற்றை இன்று ஓட்டுவோர் இதை மறத்தல் ஆகாது.

அணைந்ததும் மீண்டதும்

1962இல் வந்த எம்.ஜி.பி. ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் எழுபதுகளில், அமெரிக்க விதிகளுக்கு இணங்க அதற்குப் பெரிய றப்பர் மோதுகாப்பைப் பூட்டி, அதன் உயரத்தையும் ஒன்றரை அங்குலம் அளவில் உயர்த்தினார்கள். வலு குறைந்தது, எடை கூடிற்று, வளைவில் உடல் தள்ளாடிற்று. இங்கே காரைக் கெடுத்த மாற்றத்தைச் செய்தது தொழிற்சாலையே. பின்னாளில் உரிமையாளர் பலர் அதை மீண்டும் பழைய உயரத்துக்கு இறக்கிச் செம்மை செய்தனர். 1980இல் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. அவ்வாண்டே ஸ்பிற்பயரும் நின்றது. மலிவான திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் காலம் முடிந்தது என்று பலரும் கருதினர்.

விளக்கை மீண்டும் ஏற்றியவர்கள் யப்பானியர். 1979இல் பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார்ப் பத்திரிகையாளர், மஸ்டா நிறுவனத்தின் கெனிச்சி யமமோற்றோவிடம், பிரித்தானியர் செய்த அந்த எளிய இருவர் காரை நீங்கள் செய்யவேண்டும் என்று எடுத்துரைத்தார். பின்னர் ஹோல் அந்நிறுவனத்திலேயே சேர்ந்தார். தொஷிஹிக்கோ ஹிராய் தலைமையில் உருவான கார், 1989 பெப்ரவரியிற் சிக்காகோ கண்காட்சியில் வெளிவந்தது. அதுவே எம்.எக்ஸ்-5, அமெரிக்காவில் 'மியாற்றா' என்று வழங்குவது. எஞ்சின் 1.6 லீற்றர், வலு 116 குதிரை, எடை 940 கிலோகிராம் அளவு, அமெரிக்க விலை 13,800 டொலர்.

அவர்கள் பழைய பிரித்தானியக் காரின் எண்ணெய்க் கசிவையும் மின்கோளாற்றையும் விட்டு, அதன் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டனர். எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டது. நான்கு சில்லுக்கும் இரட்டைக் கவைக் கரங்கள் அமைந்தன. கியர்ப்பெட்டியையும் பின்னச்சையும் அலுமினியச் சட்டமொன்றாற் பிணைத்தனர். காலால் மிதித்த விசை இடையில் நெளிந்து தாமதியாமற் பின்சில்லைச் சென்றடைந்தது. கூரைச்சீலையை இருக்கையிலிருந்தபடியே ஒரு கையால் மடித்துவிடலாம். இம்முயற்சிக்கு அவர்கள் வழிகாட்டியாகக் கொண்ட சொற்றொடர் 'ஜின்பா இத்தாய்'. ஓடும் குதிரைமேலிருந்து அம்பெய்யும் யப்பானிய வீரக்கலையின் மரபிலே, ஆளும் புரவியும் ஓருடலாதல் என்பது அதன் பொருள். ஹிரோஷிமாப் பொறியியலாளர் ஓர் எஞ்சின் வண்டிக்குப் புரவியின் இலக்கணத்தை வகுத்தார்கள். பாகுகன் இருந்தால் அவர்களைப் புரிந்துகொண்டிருப்பான்.

உலகம் தந்த விடை தெளிவானது. 2000ஆம் ஆண்டிலேயே, மிகுதியாக விற்பனையான இருவர் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் பதிவேடு அதனை ஏற்றது. 2016 ஏப்ரலிற் பத்து இலட்சமாவது கார் செய்யப்பட்டது. அமெரிக்காவில் இக்காருக்கெனவே தனிப் பந்தய வகுப்பு உண்டு. அங்கே வில்லும் அதிர்வுதாங்கியும் அனைவருக்கும் ஒன்றே என்று விதித்திருப்பதால், பணப்பையைக் காட்டிலும் கைத்திறனுக்கே வெற்றி வாய்ப்பு மிகுதி.

பீலியின் பாரம்

வெற்றி பெற்ற எதுவும் கொழுக்கத் தொடங்குவது இயல்பு. 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை எம்.எக்ஸ்-5 சற்றுப் பெருத்தது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில், மயிற்பீலி ஏற்றிய வண்டியானாலும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்று வள்ளுவர் காட்டும் உவமை, கார் செய்வோர் வரைபட மேசைகளில் எழுதிவைக்கத்தக்கது. காருக்கு எடை ஏறுவதும் பீலி பீலியாகவே. ஓர் இருக்கைச் சூடேற்றி, ஓர் ஒலிபெருக்கி, ஒரு மின்விசைப்பொறி. தனித்தனியே எதுவும் பாரமன்று. நான்காந் தலைமுறையை 2014இற் காட்சிக்கு வைத்தபோது மஸ்டா மீண்டும் மெலிவுக்குத் திரும்பிற்று. யப்பானில் விற்ற அடிப்படை வகையின் எடை 990 கிலோகிராம். கால்நூற்றாண்டின் பாதுகாப்பு விதிகள் அனைத்தையும் ஏற்றும் 50 கிலோகிராமே கூடிற்று என்றால், அதன் பின்னாலிருந்த உழைப்பை உணரலாம்.

எடையை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்தவேண்டும்? கூடுதல் வலு, கார் முன்னோக்கிப் பாயும்போது மட்டுமே உதவும். குறைந்த எடையோ, பாயும்போதும் திரும்பும்போதும் நிற்கும்போதும் உதவும். ரயரும் பிறேக்கும் எரிபொருளும் மிச்சமாகும். எளியவனின் கைக்கு எட்டும் ஒரே உயர்தரம் இதுவே.

இதைவிடத் துணிந்த ஒரு பாடத்தை 2012இல் ரொயோட்டாவும் சுபாருவும் இணைந்து செய்த கார் தந்தது. ரொயோட்டா 86 எனவும் சுபாரு பி.ஆர்.இசட். எனவும் வந்த அக்காருக்கு 2 லீற்றர் எஞ்சினும் 200 குதிரைவலுவும் உண்டு. ஆனால் அதன் உயர்வகைக்கு அளித்த ரயரோ, எரிபொருட் சிக்கனத்திற்குப் பேர்போன பிறியஸ் காருக்கும் பூட்டப்பட்ட வகை. பலர் நகைத்தனர். ரொயோட்டாவின் தலைமைப் பொறியியலாளர் தெத்சுயா தாடாவின் நோக்கம் வேறு. பிடி மிகுந்த ரயரில் காரின் எல்லையை உணரவேண்டுமாயின், உயிரைப் பணயம் வைக்கும் வேகம் வேண்டும். பிடி குறைந்தால், மிதமான வேகத்திலேயே கார் மெல்ல நழுவித் தன் இயல்பைச் சொல்லும். செலுத்துபவன் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்வான். வாங்கியவுடன் அந்த ரயரைக் கழற்றி அகன்றதைப் பூட்டியவர் பலர். காரை விரைவாக்கிக்கொண்டோம் என்று மகிழ்ந்தனர்; அது சொல்லவந்த பேச்சின் வாயை அடைத்துவிட்டதை அவர்கள் எண்ணவில்லை.

எது இன்பம்?

இன்றைய மின்சாரக் கார் பாயும் விரைவில், நேற்றைய பந்தயக் கார்களும் தோற்றுவிடும். அதற்குக் கியர் மாற்றவேண்டியதில்லை, ஓசையில்லை, புகையில்லை. மூச்சுத்திணறும் நகரங்களுக்கு அது நன்மையே. ஆனால் மின்கல அடுக்கின் எடை பெரிது. அதைவிடப் பெரியது, செலுத்துபவனுக்கும் வீதிக்கும் இடையே வந்து நிற்கும் மௌனம். காலை அழுத்தினால் யாருக்கும் கிடைக்கும் வேகத்தில், யாருடைய திறமைக்கும் இடமில்லை. சிறிய, மெலிந்த, கையால் ஆளும் மின்சாரக் காரையும் ஒருநாள் யாரேனும் செய்யக்கூடும். அன்றும் அவர்கள் அபிங்டன் பாடத்தையே மீண்டும் படிக்கவேண்டியிருக்கும்.

இவ்வின்பத்தைப் பொது வீதியிற் பிறர் உயிரைப் பணயம் வைத்துத் தேடுவதற்கு எந்த நியாயமுமில்லை. அதற்கென மூடிய பாதைகள் உள்ளன. நமது நாட்டிலும், நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களிலிருந்தே அறியப்பட்டது. மூடிய மலைப்பாதையில் கார்கள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் இத்தகைய ஆட்டத்தில், வளைவுக்கு வளைவு கணக்கிட்டு ஏறும் சிறிய கார் பெரிய காரைத் தலைகுனிய வைப்பது புதுமையன்று. ஆனால் போட்டிக்குப் போகாதவருக்கும் வழியுண்டு. மிதமான வேகத்தில், கியரை ஓசையின்றி மாற்றுவதும், வளைவுக்கு முன்னரே வேகத்தை அடக்கி உள்ளே சீராகச் செல்வதும், அருகில் இருப்பவரின் தலை அசையாமல் நிறுத்துவதும் ஆகிய இவை அனைத்தும் கலையே. ஐம்பது குதிரைவலு அதற்கு மிகையாகவே போதும்.

ஐந்நூறு குதிரைகளை வாங்கி அவற்றில் நானூற்றைம்பதை வாழ்நாள் முழுவதும் இலாயத்திற் கட்டிவைப்பவர் இருக்கிறார்கள். ஐம்பதையும் ஒவ்வொரு காலையும் முழுமையாக ஓட்டிக் களைத்து, மாலையில் எண்ணெய்க் கையோடு அவற்றைத் தடவிக் கொடுப்பவரும் இருக்கிறார்கள். கிம்பரும் ஹீலியும் ஹிராயும் கார் செய்தது இரண்டாமவர்க்காகவே. தவளைக் கண் ஸ்பிறைற்றைச் சேகரிப்போர் இன்று கண்ணாடிக் கூடத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பதைக் காணும்போது, அதன் கதவுக்கு வெளிப்பிடிகூட வைக்காமல் விலையைக் குறைத்தவர்கள் யாரை நினைத்து அதைச் செய்தார்கள் என்ற கேள்வியையும் நாம் கேட்டாகவேண்டும். வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கி, சனிக்கிழமை அதைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையொன்றில் ஓட்டிச்செல்லும் ஒரு சாதாரண மனிதனையே அவர்கள் நினைத்தார்கள்.